கார் ஜன்னலில் மாறிய தட்டு

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்காகப் பாபநாசத்திலிருந்து திருவிடைமருதூருக்குப் புறப்பட்டோம். தம்பியும் உறவினர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா. பின்னால் அம்மாவும் அப்பாவின் அக்காவான எங்கள் அத்தையும்.

எங்கள் காரில் பின் சீட் பெல்ட்டை அதுவரை யாரும் போட்டதில்லை. அதன் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்து போன நண்பர் ஒருவர், முன் சீட்டில் மோதி இரண்டு பற்களை இழந்திருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்த பயத்தில் கவரைக் கிழித்துக் கொக்கிகளை வெளியே எடுத்து வைத்திருந்தேன்.

அத்தை பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொண்டார்.

"தோள் மேல வரணும் அத்தை."

"பட்டுப்புடவை கசங்கும்டா."

"கசங்கட்டும். கீழ்ப்பட்டையும் வயித்து மேல இருக்கக்கூடாது. இடுப்பெலும்புல படியணும்."

"என் இடுப்பெலும்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. நீ கண்டுபிடிச்சா சொல்லு."

அம்மாதான் தோராயமாக ஓர் இடத்தை முடிவு செய்து பட்டையை இழுத்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் அத்தை கையால்தான் தட்டு மாற்றுவது வழக்கம். அதனால் வெற்றிலை, பழம், கல்கண்டு வைத்த தட்டை மடியில் பிடித்திருந்தார். கும்பகோணம் தாண்டியதும் வயலிலிருந்து ஓர் அறுப்பு மெஷின் திடீரென்று ரோட்டில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். பெல்ட் அத்தையை அப்படியே பிடித்து நிறுத்தியது. கல்கண்டை யாரும் பிடிக்கவில்லை. சீட்டெல்லாம் சிதறியது. அம்மா முடிந்தவரை பொறுக்கித் தட்டில் போட்டார்.

பெண் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் தெரிந்தது, அத்தையின் கொக்கிக்குள் கல்கண்டு போய் மாட்டியிருந்தது. சிவப்புப் பொத்தான் அமுங்கவே இல்லை. நான் அழுத்தினேன், அப்பா அழுத்தினார், புரோகிதரும் வந்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பட்டைக்குள்ளேயே நழுவி வெளியே வர அத்தை முயன்றார். உடம்பு இடம் கொடுக்கவில்லை.

பெண்ணின் அப்பா கைகூப்பியபடி வந்தார். "வாங்கம்மா, வாங்க. எறங்குங்க."

"எறங்க முடிஞ்சா எறங்க மாட்டேனா?" என்றார் அத்தை.

யாரோ அரிவாளோடு ஓடி வந்தார். "நல்ல காரியத்துல எதையும் வெட்டக்கூடாது" என்று பெண்ணின் அம்மா அவரைத் திருப்பி அனுப்பினார். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். மணி பத்தே கால்.

"வீட்டுக்குள்ளதான் நிச்சயம் பண்ணணும்னு ஒண்ணும் இல்லியே?" என்று புரோகிதர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு ஜமுக்காளத்தைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

கதவைத் திறக்க இடமில்லாதபடி காரைச் சுற்றிக் கூட்டம் நெருக்கி உட்கார்ந்தது. புரோகிதர் பின் கதவருகே நின்று லக்னப் பத்திரிகையை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அத்தை உள்ளிருந்தே தலையாட்டினார். பெண் குனிந்து ஜன்னல் வழியாக ஆசீர்வாதம் வாங்கினாள். அத்தை தட்டை நீட்டினார், பாதி இறங்கியிருந்த ஜன்னலில் அது நுழையவில்லை. சாய்த்தால் பழம் உருளும். கடைசியில் கண்ணாடியை முழுசாக இறக்கி, பெண்ணின் அப்பா தம் தட்டை மேலேயும் அத்தை தம் தட்டைக் கீழேயுமாக நகர்த்தி, ஒருவழியாக மாற்றிக்கொண்டார்கள். மணி பத்து இருபத்தெட்டு. எல்லாரும் கைதட்டினார்கள். அத்தைக்கு ஜன்னல் வழியாகவே காபி வந்தது.

காபியைப் பார்த்ததும் பெண்ணின் அம்மாவுக்கு யோசனை வந்தது. "சர்க்கரைதானே, கரையாதா?" என்றார். ஒரு செம்பு நிறைய இளஞ்சூடான தண்ணீரைக் கொக்கிக்குள் ஊற்றிக்கொண்டே இருந்தோம். கால் மணி நேரத்தில் பொத்தான் அமுங்கியது. அத்தை இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட இறங்கி, நேராகப் பந்திக்குப் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இனி அத்தை பெல்ட்டைத் தொடவே மாட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் அம்மாவை வேனில் அனுப்பிவிட்டு, அவர் இருந்த பக்கத்தில் அத்தை ஏறி உட்கார்ந்தார். பட்டையைத் தாமே தோளில் இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல நீ மாட்டிக் கழட்டிக் காட்டு. அப்புறம் நான் போட்டுக்கிறேன்."

மூன்று தடவை கழற்றிக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுக்க விட்டார்.