பி.டி. சாரின் பத்து நிமிடம்

மக்களே, உங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சாரும் பி.டி. சாரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். விழாவில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அப்பா ஓட்டுகிற ஆட்டோவில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் அப்பா எழுதுகிறேன்.

தினமும் பள்ளிக்கூடம் போக பி.டி. சார் தக்கலை ஸ்டாண்டில் என் ஆட்டோவில் ஏறுவார். கணக்கு சார் கொஞ்சம் தள்ளி, அவர் வீட்டு முக்கில் ஏறுவார். கணக்கு சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மழை பெய்தால் கேட்காமலே எடுத்துக்கொள்வார். நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம்.

"பரீட்சை முடியட்டு சாரே, திருப்பித் தாறேன்" என்பார். பி.டி. சார் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் போய் உட்காருவார்.

விழாவில் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசலாம் என்று ஹெச்.எம். டீச்சர் சொல்லியிருந்தார். பி.டி. சாருக்கு மேடையில் விசில் ஊதித்தான் பழக்கம். அதனால் ஒரு வாரமாக ஆட்டோவில் பேசிப் பார்த்தார்.

"மக்கா, நான் பேசுகேன். நீ கேட்டுட்டுச் சொல்லு."

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மைதானம் கிடையாது, தென்னந்தோப்புதான். பிள்ளைகள் தலையில் தேங்காய் விழாமல் இருக்க மேலே பார்த்துக்கொண்டே விசில் ஊதினாராம். பிறகு பேச்சில் வாலிபால் டீம் குழித்துறைக்குப் போய்த் தோற்றது வரும். அடுத்த வருடமும் போய்த் தோற்றது வரும். அதன் பிறகு, "கடைசியா, நம்ம கணக்கு சாரைப் பத்தி ஒரு வார்த்த" என்பார். அதற்குள் கணக்கு சார் வீட்டு முக்கு வந்துவிடும். பேச்சு நின்றுவிடும்.

"என்ன ஓய், ரெண்டு பேரும் மிண்டாம இருக்கியோ?" என்று கேட்டபடி கணக்கு சார் ஏறுவார்.

"ஒண்ணும் இல்ல சாரே."

அந்த ஒரு வார்த்தை என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதைக் கேட்காமலே "கொள்ளாம் சாரே, நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

விழாவுக்கு நானும் வந்திருந்தேன். பி.டி. சாரின் மனைவியும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள். கணக்கு சார் முதலில் பேசினார். போர்ஷனை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். முடித்தபோது கடைசி மணி அடித்துவிட்டது. வெளியே பள்ளிக்கூட வண்டி ஹாரன் அடித்தது. ஹெச்.எம். டீச்சர் பி.டி. சாரின் காதில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து மைக் முன்னால் வந்தார்.

"ஸ்கூல், அட்டென்ஷன்" என்றார்.

தேசிய கீதம் பாடிக் கலைந்தோம்.

மனைவியையும் மகளையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, பி.டி. சார் வழக்கம்போல என் ஆட்டோவில் ஏறினார். பக்கத்தில் கணக்கு சார். இருவர் கழுத்திலும் பொன்னாடை.

"ஓய், நீரு ஒண்ணும் பேசல்லியே?" என்று கணக்கு சார் கேட்டார்.

"என் பீரியடு உமக்குத்தானே போச்சு."

கணக்கு சார் அவர் பக்கம் திரும்பினார். "இப்பம் பேசும்" என்றார்.

"ஆட்டோவிலயா?"

நான் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பி.டி. சார் இறங்கி நின்று பேசினார். தேங்காய் வந்தது, குழித்துறை வந்தது. கணக்கு சார் ஒரே ஒரு இடத்தில் கை தட்டினார். அது இரண்டாம் முறை தோற்ற இடம்.

"கடைசியா, நம்ம கணக்கு சாரைப் பத்தி ஒரு வார்த்த" என்றார் பி.டி. சார். நான் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"பரீட்சை முடிஞ்சதும் பீரியடைத் திருப்பித் தாறேன்னு அவரு சொல்லாத வருசம் இல்ல. இனி எங்க ரெண்டு பேருக்கும் பரீட்சை கிடையாது. அதனால நாளையிலேருந்து அவரு காலம்பற மைதானத்துக்கு நடக்க வரணும். செருப்பு போடப்பிடாது, கேன்வாஸ் ஷூ போடணும். நன்றி, வணக்கம்."

கணக்கு சார் வானத்தைப் பார்த்தார்.

"மழை பெய்தா?"

"மழை பெய்தா உம்ம பீரியடு. நீரு நடத்தும், நான் இருந்து கேக்கேன்."

இப்போது தினமும் காலையில் இருவரையும் நான்தான் மைதானத்தில் இறக்கிவிடுகிறேன். இன்று நல்ல மழை. ஆட்டோவின் படுதாவை இறக்கிவிட்டேன். உள்ளே கணக்கு சார் பின்னம் நடத்தினார். கொஞ்ச நேரத்தில் பி.டி. சார் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. எட்டாம் வகுப்பில் எனக்குப் பின்னம் புரியவில்லை. அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.