ட்ரையருக்குப் பெல்ட் மாற்றிய அன்று

எண்ணூரில் வெள்ளைத் துணி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். காலையில் மொட்டை மாடிக் கொடியில் வெள்ளையாகப் போட்டது சாயங்காலம் வேறு நிறத்தில் இறங்கும். இந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் கைகாட்டுவார்கள். அதனால் இங்கே துணி எடுக்கும் பெண்கள் ஒவ்வொன்றையும் கைப்பிடிச் சுவரில் நாலு அடி அடித்து, உதறிவிட்டுத்தான் மடிப்பார்கள். கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், துணி மேல் இவர்களுக்கு என்ன கோபம் என்று நினைத்தேன்.

என் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து வீசிங். படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அவள் தூங்குகிறாளா, மூச்சுக்குத் திணறுகிறாளா என்று கேட்டுக்கொண்டே கிடப்பதுதான் என் தூக்கம். டாக்டர், குழந்தையின் துணியை வெளியில் காயப்போட வேண்டாம் என்றார். மளிகைக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், ஒரு ரூபாய்க்கும் யோசிக்கிற மனுஷன், மறுவாரமே துணி காயவைக்கும் ட்ரையரை வாங்கி வந்து இறக்கிவிட்டார். சூடான காற்று போகும் குழாயை வெளியே விட வசதி என்று அதைப் பின்பக்க பால்கனியில், முதுகு கம்பிக் கிராதியைப் பார்க்கிற மாதிரி வைத்தோம்.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மெஷினின் முன்பக்கத்தில் ஒரு சல்லடை உண்டு. துணி காய்ந்ததும் அதை உருவினால் சாம்பல் நிறப் பஞ்சு ஒரு கை இருக்கும். அதை எதிர் வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் வீட்டுக்காரர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்.

"பாத்தீங்களாக்கா, துணியில இருந்து எவ்வளவு அழுக்க எடுத்திருக்குன்னு."

"எனுக்கு வெயிலு சும்மா கீதுமே," என்பார் அக்கா. "உனுக்குத்தான் கரண்ட்டு பில்லு."

பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். ட்ரையரிலிருந்து வரும் துணியை நான் உதறுவதே இல்லை. எதற்கு உதற வேண்டும்? மகளுக்கு அதில் ஒரு விளையாட்டு. குளித்துவிட்டு ஓடிவந்து கண்ணை மூடி முகத்தை நீட்டுவாள். மெஷினிலிருந்து துண்டைச் சூடாக எடுத்து முகத்தில் போட வேண்டும். துண்டுக்குள்ளேயே நன்றாக மூச்சை இழுத்து, "பூரி வாசனைம்மா" என்பாள். அதற்குப் பெயர் சூடு துண்டு. அது இல்லாமல் அவளுக்குக் குளியல் முடியாது.

ஒரு வருஷம் ஓடியது. வீசிங் குறையவில்லை. "ஏட்டி, ஐஸ் தின்னியா?" என்று அவளை மிரட்டினேன். அக்கா வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டேன். மாடிக்கு விளையாடப் போகக் கூடாது என்று தடை போட்டேன். யூனிஃபார்ம் சட்டை வேறு மங்கிக்கொண்டே வந்தது. கடையில் இருந்த சோப்புத் தூள் அத்தனையையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மெஷின் மேல் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அப்போதுதான் பெல்ட் அறுந்தது. மோட்டார் ஓடுகிறது, உள்ளே டிரம் சுற்றவில்லை. சர்வீஸுக்குப் போன் செய்தால், "எண்ணூரா மேடம், அந்தப் பக்கம் ஆள் இல்லையே" என்றான் ஒருத்தன். போடா என்று வைத்துவிட்டேன். பெல்ட்டை ஆன்லைனில் வரவழைத்து, போனில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு, முன்பக்கத்தைக் கழற்றி நானே மாற்றினேன். டிரம்மைச் சுற்றிப் பெல்ட்டைப் போட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரத்தின் வழியாக மோட்டாருக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. இருந்தாலும் மெஷின் ஓடியது.

புது பெல்ட்டும் சீக்கிரமே அறுந்தது. அக்காவிடம் புலம்பினேன்.

"புதுசே அந்து போவுதுன்னா உள்ளாற வேற இன்னாவோ சிக்கினு கீது," என்றார். "பின்னாடி தொறந்து பாத்தியா?"

பார்க்கவில்லை. வீடியோவில் முன்பக்கம் மட்டும்தான் காட்டினார்கள். சின்னச் சக்கரத்தையும் இன்னொரு பெல்ட்டையும் வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சூடு துண்டு உண்டு என்று மகளிடமும் சொல்லிவைத்தேன். அன்று காலையில் அக்காவும் வந்து கைகொடுக்க, மெஷினைத் திருப்பி வைத்துப் பின்தகட்டைக் கழற்றினோம்.

தகடு கையோடு வந்தது. என் காலில் பொதபொதவென்று என்னவோ கொட்டியது. கறுப்பு. விபூதி மாதிரி மெல்லிசான கறுப்பு. சூடாக்கும் கம்பிச்சுருளைச் சுற்றி, காற்றாடியின் இறக்கை மேல், எல்லா இடுக்கிலும் அப்பிக் கிடந்தது. சக்கரம் அதில் இறுகிப்போய்ச் சுற்றவே இல்லை. அதில் தேய்ந்துதான் பெல்ட் அறுந்திருக்கிறது.

"துணியில இருந்து வந்த அழுக்குக்கா," என்றேன்.

சொல்லும்போதே எனக்கு இடித்தது. துணியில் இருந்து வருவதுதான் முன்பக்கச் சல்லடைக்குப் போய்விடுகிறதே. காற்று துணிக்குப் போவதற்கு முன்னால் இருக்கிற இடம் அல்லவா இது?

அக்கா கழற்றி வைத்த தகட்டைத் தூக்கிப் பார்த்தார். அதில் வரிசையாகத் துவாரங்கள்.

"இந்த ஓட்டைங்க எதுக்குமே?"

"காத்து இழுக்க."

"எங்கேர்ந்து?"

இரண்டு பேரும் கிராதியைப் பார்த்தோம். கிராதியின் கம்பிகள் மேலும் அதே கறுப்பு.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியில் இருந்த சாம்பலை மெஷின் இழுத்து இழுத்து, சூடாக்கி, துணிக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் கொஞ்சத்தைச் சல்லடையில் பிடித்து எனக்குக் காட்ட, நான் அதை ஊருக்குக் காட்டியிருக்கிறேன். கொடியில் காய்ந்திருந்தாலாவது அடித்து உதறியிருப்பேன். இதை உதறாமல் மடித்து அவள் தலையணைக்கும் உறை போட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நாங்கள் பிள்ளைக்கு வைத்திருக்கிறோம்.

"அழுவாத மே," என்று அக்கா என் தோளைப் பிடித்தார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. மகள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து பால்கனி வாசலில் நின்றாள். கண்ணை இறுக மூடி, முகத்தை நீட்டி, "அம்மா, சூடு துண்டு" என்றாள்.

என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. நைட்டி முழுக்கக் கறுப்பு. பீரோவில் துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் அந்த மெஷினில் காய்ந்தவை. பெற்ற பிள்ளையின் முகத்தைத் துடைக்க என் வீட்டில் ஒரு துண்டு இல்லை.

"துண்டு எதுக்கு, வுடு," என்றார் அக்கா. "காத்துலயே காய்ட்டும்."

"எந்தக் காத்துலக்கா?" என்று கேட்டேன்.

மகளின் நெஞ்சுக்குள் விசில் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. "சீக்கிரம்மா," என்று கண்ணைத் திறக்காமல் முகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.