லைன் கிளியர் ஆன கையேடு

நேர்முகத் தேர்வில் நான் எழுதியதைக் காட்டச் சொன்னார்கள். அதற்குத்தானே வந்திருக்கிறேன் என்று மிதப்பாக இணைய முகவரியைச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா அதைத் தட்டினார். சுவரில் இருந்த பெரிய திரையில் பக்கம் விரிந்தது. வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லை. உச்சியில் மட்டும் ஒரு வரி: "லைன் கிளியர். அடுத்த மாடல் ஏத்தலாம்."

மறுபடி திறக்கச் சொன்னேன். மறுபடியும் அதே வெள்ளை, அதே வரி. பல மாதம் நாங்கள் மூன்று பேர் கட்டிப் புரண்டு எழுதிய கையேடு, முந்தின நாள் காலைவரை நான் கண்ணால் பார்த்த கையேடு, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ட்ரெய்னி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். உடன் இருந்தவளும் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரிதான், அதே லைனில்தான் வேலை. இரண்டு பேருக்கும் அந்த மாதத்தோடு ட்ரெய்னிங் முடிகிறது. நிரந்தரம் ஆக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய்த் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து குச்சி அடுக்க வேண்டியதுதான். சென்னையில் மென்பொருள்களுக்குத் தமிழில் கையேடு எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன். வேண்டுமானால் நீயும் விண்ணப்பம் போடு என்று அவளிடம் சொன்னேன். எழுத்து வேலையெல்லாம் தனக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டு, தன்னுடைய நல்ல சுடிதாரை எடுத்து இஸ்திரி போட்டு என்னை அனுப்பிவைத்தாள்.

கையேட்டு வேலைக்குள் எங்களை இழுத்துவிட்டவர் எங்கள் லைனில் வேலை பார்த்த, ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்ற வகையைச் சேர்ந்த, படம் வரையும் மென்பொருள் ஒன்று. அதைச் செய்பவர்கள் தமிழில் ஒரு பயனர் கையேடு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். சம்பளம் கிடையாது. இருந்தாலும் நான் தாவிக் குதித்துச் சேர்ந்தேன், அறையில் இருந்தவளையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டோம். ஆளுக்கு ஒரு ஷிப்ட். நான் திருத்தியதை அவள் பார்த்திருக்க மாட்டாள், அவள் திருத்தியது அவருக்குப் போயிருக்காது. "கடைசி", "புதுக்கடைசி", "இதுதான் நிஜக்கடைசி" என்று பெயர் வைத்து வைத்துக் கடைசியில் எது கடைசி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் விக்கிப்பீடியா மாதிரி ஒரு விக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். தலைப்புக்கு முன்னும் பின்னும் சமக்குறி, தடித்த எழுத்துக்கு மேற்கோள்குறிகள். எழுதச் சொல்கிறீர்களா, கணக்குப் போடச் சொல்கிறீர்களா என்று இவள் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் அந்தப் பொதுப் பக்கம். எத்தனை பேரும் ஒரே சமயத்தில் திறந்து எழுதலாம். ஆளுக்கு ஒரு நிறம். யார் எதை எழுதினாலும் அவருடைய நிறத்தில் தெரியும். இதுதான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். காரணத்தையும் மறைக்கவில்லை. நாளைக்கு ஒருத்தர் பார்த்தால் எது என் எழுத்து என்று தெரிய வேண்டாமா என்று கேட்டேன். நான் நீலம் எடுத்துக்கொண்டேன், அவள் பச்சை, அவர் ஆரஞ்சு. அவருக்குப் பிடித்தது வேறு. "பழசு எதுவும் எங்கியும் போவாது சிஸ்டர். அழிச்சாலும் உள்ளதான் கீது" என்று சந்தோஷப்பட்டார். போனால் என்ன, இருந்தால் என்ன என்று நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

பக்கத்தில் என் நீலத்தைப் பச்சை தின்றுகொண்டே வந்தது. ஒரு வாக்கியம் எழுதிவிட்டு ஷிப்டுக்குப் போய் வந்தால் அது உருமாறிக் கிடக்கும். யாருக்குட்டி இது புரியும் என்பாள். தமிழைக் கொச்சைப்படுத்துகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போடுவேன், திரும்ப மாற்றுவேன், அவள் திரும்பத் திரும்ப மாற்றுவாள். எனக்கு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அத்தியாயம் பிரித்தது, வரிசை போட்டது, விரட்டி விரட்டி வேலை வாங்கியது எல்லாம் நான். இவள் சும்மா அங்கங்கே கிள்ளி வைக்கிறாள் என்பதுதான் என் கணக்கு.

அப்படியாக முடித்துவைத்த பக்கம்தான் இப்போது வெறிச்சென்று கிடந்தது. அந்த ஒற்றை வரியை மூன்றாம் முறை படித்தபோது எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு மாடல் முடிந்து அடுத்த மாடல் வருவதற்கு முன்னால், பழையதன் ஒரு திருகாணிகூட மேசையில் கிடக்கக் கூடாது. ஒரு ஸ்டிக்கர் மிச்சமிருந்தாலும் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிடுவார். எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டுப் பலகையில் "லைன் கிளியர்" என்று எழுதினால்தான் அடுத்தது ஏறும். வடக்குப்பட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறார், கையேடு முடிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார், முடிந்த சரக்கைத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, மென்பொருளின் அடுத்த பதிப்புக்காக மேசையைத் துடைத்து வைத்துவிட்டார். எனக்கு இன்றைக்குத் தேர்வு என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? ஃபோன் போடலாம் என்றால் இந்நேரம் அவர் ஷிப்டில் இருப்பார், ஃபோன் தொழிற்சாலை லாக்கரில் இருக்கும்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அப்போதுதான் அழித்தாலும் உள்ளேதான் இருக்கும் என்று வடக்குப்பட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. மேல் மூலையில் ஒரு கடிகாரப் படம் இருக்கும், அதை அழுத்துங்கள் என்றேன். அழுத்தினார். போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் அங்கேயே மறுபடி போயிற்று. அந்தக் கருவி கையேட்டை அப்படியே கொண்டுவந்து நிறுத்தவில்லை. முதல் நாளிலிருந்து நாங்கள் எழுதிய விதத்தை எழுத்து எழுத்தாக ஓட்டிக் காட்ட ஆரம்பித்தது. நீலத்தில் என் வாக்கியம் வந்தது: "பயனர் தமது ஓவியத்தினைச் சேமிக்க விழையுங்கால், உரிய பொத்தானை அழுத்துதல் இன்றியமையாததாகும்." அது கண்ணெதிரே அழிந்தது. பச்சையில் வந்தது: "சேமி பொத்தானை அழுத்துங்கள். வரைந்த படம் பத்திரமாக இருக்கும்." திரும்ப நீலம், திரும்பப் பச்சை. நடுவில் நான் கோபத்தில் அடித்து வைத்திருந்த "மூதேவி, என் வரியில் கை வைக்காதே" கூட வந்து போனது. பக்கம் பக்கமாக இதுவே ஓடியது. ஐயோ, நிறுத்துங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அந்த அம்மா இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பச்சையில எழுதினது யாரும்மா?"

நிறத்தோடு பெயர் கிடையாது. நாங்கள் யாரும் பெயர் போடவில்லை. நான்தான் என்று சொன்னால் முடிந்தது கதை. யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? என் தொண்டைவரை அது வந்தது. வெளியே வந்ததோ, "என் ரூம்ல இருக்கிற பொண்ணு" என்ற வார்த்தை. நல்லவள் என்றெல்லாம் என்னை நினைத்துவிட வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அவர் அவளுடைய ஃபோன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். நாற்காலி காலில் துப்பட்டா மாட்டிக் கொஞ்சம் கிழிந்தது. அதுவும் அவளுடையது.

பேருந்தில் செம்பரம்பாக்கம் தாண்டும்வரை எனக்குப் புத்தி பேதலித்த மாதிரி இருந்தது. எந்த நிறத்துக்காக ஒற்றைக் காலில் நின்றேனோ அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று ஆற்றாமையாக இருந்தது. அழுகைகூட வரவில்லை.

அறைக்குப் போனபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று முகத்தை முகத்தைப் பார்த்தாள். உனக்குத்தான் வேலை, திங்கட்கிழமை போ என்று நின்றபடியே சொன்னேன். நம்பவில்லை. வெளையாடாத என்றாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நீ என்னட்டி செய்வ?" என்றாள்.

நாள் முழுக்க அதை யாரும் கேட்கவில்லை. கிழிந்த துப்பட்டாவை அவள் மடியில் போட்டுவிட்டு அப்போதுதான் அழுதேன்.