நுரை வழிவிடாது

கடலுக்கடியில் தென்படும் ஒவ்வொரு மீன் கூட்டத்துக்கும் சுப்ரியா ஒரு பெயர் வைத்துவிடுவார். கோயில் ஊர்வலம்போல் நீளமாக நகர்ந்தால் ‘ஆறாட்டு’; மேலே விரிந்து கீழே குறுகினால் ‘குடை’. “அதோ, ஆறாட்டு பொறப்பட்டாச்சு!” என்று விழிஞ்ஞம் கடலில் அவர் கூவும்போது படகோட்டி திரவியம் எட்டிப் பார்ப்பார். நீலத் திரையில் ஒரு சிவப்புத் திட்டு மட்டும் தெரியும்.

படகின் அடியில் பொருத்திய கருவி, மீன்களின் காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே அனுப்பும். எதிரொலி திட்டாகத் திரும்பும். மீன்கள் எப்படிக் கூடுகின்றன, எப்போது பிரிகின்றன என்று அதைக்கொண்டு ஆராய்வது அவர் வேலை. வீடு ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில். மீனை நாக்கில் வைத்ததில்லை. கடலிலிருந்து திரும்பினால், குளிக்காமல் அடுக்களைக்குள் விடமாட்டார் அம்மா விஜயம்.

“தின்னாத மீனுக்கா டீச்சரே இந்தப் பாடு?” என்பார் திரவியம்.

“திங்கறவா எண்ணினா கணக்கு குறையும், அண்ணாச்சி.”

அன்று திட்டத் தலைவர் கல்யாணராமனும் படகில் இருந்தார். முந்தைய மூன்று பயணங்களிலும் திட்டின்மேல் படகை நிறுத்திக் கேமரா இறக்கியபோது வெறும் தண்ணீர்தான் பதிவாகியிருந்தது.

“அலை நுரையும்தான் எதிரொலிக்கும்; நீ அதைப் பார்த்து மீன்ங்கறே. இன்னிக்கும் ஒண்ணும் தெரியலைன்னா, கருவியை வேற புராஜெக்டுக்குக் கொடுத்துடுவேன்.”

சுப்ரியா பழைய பதிவுகளைத் திரையில் ஓட்டினார். முதலில் கடந்தபோது முழுதாக இருந்த திட்டு, படகு திரும்பி வந்து மேலே நின்றதும் கீழே சரிந்து பிளந்திருந்தது. மூன்று முறையும் அப்படியே. அவர் நிமிர்ந்தார்.

“சார், நுரைக்கு வழிவிடத் தெரியுமோ? நம்ம எஞ்சின் சத்தத்துக்கு அதுகள் ஒதுங்கறதுகள்! அண்ணாச்சி, எஞ்சினை அணைச்சுடுங்கோ.”

“அணைச்சா காத்து தள்ளிரும்லா?”

“தள்ளட்டும். காத்து வர்ற பக்கமாப் போய் அணையுங்கோ. அதுவே நம்மளைத் திட்டு மேல கொண்டுவிடும்.”

எஞ்சின் நின்றது. படகு அசைந்தபடி மெல்ல நகர்ந்தது. சிவப்புத் திட்டு திரையின் ஓரத்தில் தலைகாட்டியது, நடுவுக்கு வந்தது, உடையவில்லை. சுப்ரியா கேமராவைத் தானே இறக்கினார். பக்கத்துத் திரையில் பச்சைத் தண்ணீர், மறுபடி பச்சைத் தண்ணீர், பிறகு ஒரே வீச்சில் வெள்ளி. ஆயிரமாயிரம் மீன்கள் ஒரே உடம்பாகத் திரும்பி, திரையை விளிம்புவரை நிரப்பின.

“சாளையாக்கும் டீச்சரே,” திரவியம் மூச்சை அடக்கிச் சொன்னார். “ஒரு கடலு சாளை!”

“சபாஷ்!” என்று கல்யாணராமன், மகிழ்ச்சி தாங்காமல், படகின் பக்கப்பலகையை அறையக் கையை ஓங்கினார்.

சுப்ரியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலைவரின் மணிக்கட்டை அந்தரத்திலேயே எட்டிப் பிடித்து, அப்படியே இறுக்கி வைத்துக்கொண்டார்.