சுல்மா தராத வாக்கு

இடது அக்குளில் வெந்நீர்க் குடுவை, அதே கையில் மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குவளை. மீதமிருக்கும் வலக்கையால் சுல்மா எச்செவெரி ஜாவா எழுதுகிறார். உருகுவேயில் பாதிப் பேர் இந்தக் கோலத்தில்தான் பேருந்து ஏறுகிறார்கள். அதே கோலத்தில் நிரல் எழுதுகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவரே. அடைப்புக்குறி திறக்கும்போது ஒரு உறிஞ்சல், மூடும்போது ஒரு உறிஞ்சல்.

எங்கள் கண் மருத்துவமனையில் பதினேழு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் தரவுத்தளத்துக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். தெரியாததைச் சுல்மா ஜாவாவில் ஒரு செயல்கூறாக எழுதி, பெயர் சூட்டிப் பதிவு செய்வார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் அது பதில் தரும். பதிவு வரிகளைக் கல்யாணப் பதிவாளர் போல வாய்விட்டு வாசிப்பார். “மனுஷன்கிட்ட பொய் சொன்னா கண்டுபிடிச்சிடுவான். இது அப்படியே நம்பிடும், பாவம்.”

பதிவில் ஒரு சொல் சேர்க்கலாம்: ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில்தான் என்கிற வாக்கு. சேர்த்துவிட்டால் தரவுத்தளம் முதல் பதிலைக் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போடாது. பிறந்த தேதியிலிருந்து வயதைச் சொல்லும் செயல்கூறுக்குச் சுல்மா அந்த வாக்கைத் தரவில்லை. ஜனவரியில் அவர் விடுப்பில் கடற்கரைக்குப் போனபோது, பிரிவுத் தலைவர் இன்ஜினியர் இராவோலா தந்தார். நான்கு நிமிடம் ஓடும் நோயாளிகள் பட்டியல் மூன்று நொடியில் வந்தது. எல்லோரும் கைதட்டினோம்; நானும்தான். அன்று முதல் எங்கள் ஊரில் ஒருவருக்கும் வயது ஏறவில்லை.

இந்த மருத்துவப் புரட்சியை எதிர்த்து ஆகஸ்ட் வரை வந்தவர் வில்மர் பிரிஸ் ஒருவரே. மற்றவர்கள் கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னால் பொறுக்க முடியாதது அதுதான். பிரிஸ் முடிதிருத்துபவர். இரண்டு கண்ணிலும் புரை. அறுபத்தைந்து வயதானால் அறுவை இலவசம். அவருக்கு மார்ச்சிலேயே ஆகிவிட்டது. கணினி அறுபத்து நான்கு என்கிறது. மூன்றாவது முறையாக வந்தவர் நேராக எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

“போன வாரம் ஒருத்தர் காதுல கத்தரி பட்டுடுச்சும்மா. அடுத்தது மூக்குதான்.”

“அடையாள அட்டையைக் காட்டினீங்களா?” என்றார் சுல்மா.

“காட்டினேன். கம்ப்யூட்டர்தான் சரின்னுட்டாங்க. எங்கம்மா இருந்தா கேட்டுப் பார்க்கலாம், பெத்தவங்க அவங்கதானே.”

சுல்மா பதிவு வரிகளைத் திறந்து பார்த்தார். குவளையை மேசைமேல் வைத்தார். வேலை நேரத்தில் அதை அவர் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

“இராவோலா, இங்க வா. வயசு மாறாதுன்னு என் செயல்கூறு பேர்ல வாக்குக் குடுத்தது யாரு?”

“வேகத்துக்காகப் போட்டேன், சுல்மா. ஒரு சொல்லுதானே.”

“ஊர்ல யாருக்கும் வயசு ஏறாதுன்னு எழுதி வச்சிருக்க. உன் மாமியார் வேணா சந்தோஷப்படுவாங்க. இவரு கண்ணு தெரியாம நிக்கிறாரு.”

“நாளைக்கு மேலிடத்துல காட்டணும். மூணு நொடின்னு சொல்லிட்டேன்.”

“பொய்யை இன்னும் சீக்கிரமாவே சொல்லலாம். அதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?”

பழைய பதிவையும் குறித்துவைத்த பதில்களையும் நீக்கினார். அந்தச் சொல் இல்லாமல் மறுபடி பதிந்தார், இந்த முறை இரண்டு கையாலும். பட்டியல் நான்கு நிமிடம் ஓடியது. இராவோலா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் மொத்தமும் ஏழு மாத மூப்பை ஒரே மூச்சில் அடைய வேண்டுமென்றால் அவ்வளவு நேரமாவது பிடிக்காதா?

“வந்துடுச்சாம்மா?” என்றார் பிரிஸ், திரை இல்லாத பக்கமாகப் பார்த்து.

சுல்மா திரையை அவர் பக்கம் திருப்பினார். அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, திரைக் கண்ணாடியில் 65 என்று இருந்த இடத்தின் மேல் வைத்து அழுத்தினார்.