வால் போன முதலை

என் சைக்கிளின் வாலை அப்பாதான் அறுத்தார். சொல்லிவிட்டு அறுத்திருந்தால் இத்தனை வருஷம் மனசில் வைத்திருக்க மாட்டேன். சொல்லவில்லை. காலையில் எழுந்து வந்து பார்த்தேன், வால் இல்லை. அவ்வளவுதான்.

சைக்கிளுக்கு ஏது வால் என்று கேட்பீர்கள். என் சைக்கிளுக்கு இருந்தது. அதை ஒட்டியது நான்.

எட்டாம் வகுப்பு முடிந்த லீவு. எங்கள் ஊர் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டால் வீட்டில் யாரும் இல்லை. தனியாக விடப் பயந்து, அம்மா என்னை விருதுநகருக்கு, அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். மாமா அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பக்கத்தில் எல்லாம் மிளகாய் வத்தல் குடோன். காற்று அடித்தால் தெருவே தும்மும். ஜன்னல் கிரில், கேட், கோழிக்கூண்டு, எது கேட்டாலும் மாமா செய்து கொடுப்பார். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

அந்தக் கோடையில் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. செல்போனில் ஒரு வெளிநாட்டு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அதில் ஒரு சைக்கிள். நீளமாக, தாழ்வாக இருக்கும். ஹேண்டில்பார் மாட்டுக்கொம்பு மாதிரி உயரமாக வளைந்திருக்கும். ஓட்டுகிறவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிப்பான். அதற்குப் பேர் குரூசர் என்றார் மாமா. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்து, ஓட்டித் தேய்ந்து, பழைய இரும்புக் கடைக்கு வந்துவிட்ட சைக்கிள்களைக் கொண்டுவந்து பட்டறையில் குவித்தார்.

"ஒனக்குத்தான் செய்யப்போறேன். உங்க ஊர்ல ஒருத்திகிட்டயும் இப்படி இருக்காது பாரு" என்றார்.

எனக்குச் செய்வதை நானும் சேர்ந்து செய்வேன் என்றேன்.

"நீ என்ன செய்வ?"

"வெல்டிங் அடிப்பேன்."

சிரித்த சிரிப்பில் அவருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. "பொட்டப்பிள்ளை வெல்டிங் அடிச்சா மூஞ்சி கறுத்துப்போகும் தாயி. அப்புறம் எவன் கட்டுவான்?"

"வெல்டிங் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒங்க மூஞ்சி கறுப்புத்தான மாமா. அத்தை கட்டலையா?"

உள்ளே அத்தை சிரித்தது வெளியே கேட்டது. மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். உப்புத்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். துருவைத் தேய் என்றார்.

தேய்த்தேன். கைத்தோல் உரியும்வரை தேய்த்தேன். ஃபிரேம் எல்லாம் வெள்ளி மாதிரி ஆனது. அதற்கப்புறம்தான் உதவாத பைப் துண்டுகளைக் கொடுத்து ஒட்டிப்பார் என்றார். எனக்கு வெல்டிங் ராடு இரும்பில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கவும் வராது. மாமா காலால் உதைத்து எடுப்பார். கறுப்புக் கண்ணாடியை முகத்துக்குப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. எடுத்தால் கண் கூசும். ஒருநாள் எரிச்சலில் கண்ணாடி இல்லாமலே அடித்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அத்தை உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண் மேல் வைத்துக் கட்டினாள். "போதுமா, கலெக்டர் ஆயிட்டியா?" என்றார் மாமா. மறுநாள் கண் வீங்கியபடியே போய் ராடைப் பிடித்தேன். எனக்கு அவ்வளவு கோபம்.

கொஞ்சங்கொஞ்சமாகத் தொழில் கைக்கு வந்தது. கண்ணாடி வழியாக ஒட்டுக் கோடு போகிற இடம் தெரிந்தது. மேலே படிந்த கசடைத் தட்டினால் உள்ளே இரும்பு பளபளவென்று தெரியும். அதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை.

ஆனால் என் சைக்கிள் என்று வந்தபோது மாமா ராடை என் கையில் கொடுக்கவில்லை. கழுத்து, பெடல் வருகிற இடம், பின்சக்கரத்தைப் பிடிக்கிற பட்டை, எல்லாம் அவரே ஒட்டினார். நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதெல்லாம் ஆளைத் தாங்குற எடம். விட்டுச்சுன்னா பல்லு போயிரும். ஒனக்கு வேற எடம் வச்சிருக்கேன்" என்றார்.

அந்த வேறு இடம்தான் வால். மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிற சைலன்சர் மாதிரி ஒரு பைப். சும்மா அழகுக்கு. பெடலுக்குப் பக்கத்தில் ஃபிரேமோடு ஒட்டி, தாழ்வாகப் பின்னால் கொண்டுபோய், பின்சக்கர நட்டில் ஒரு பட்டையால் முறுக்கிவிடுவது. அது விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் எனக்கு.

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒட்டினேன். ஒட்டி முடித்துக் கசடைத் தட்டச் சுத்தியலை எடுத்தேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெள்ளத் தாயி. ரொம்பத் தட்டாத, கையோட வந்துரும். கூழ்வத்தல் ஊத்துன மாதிரி ஊத்தி வச்சிருக்க."

என் ஒட்டைப் போய்க் கூழ்வத்தல் என்றார். ஒருநாள் முழுக்க அவரோடு பேசவில்லை.

சிவப்பும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்தோம். சாத்தூருக்கு வத்தல் லோடு ஏற்றிப்போன வண்டியில், மூட்டைகளுக்கு மேலே சைக்கிளைக் கட்டி, டிரைவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து அனுப்பினார் மாமா. ஊர் வந்து சேரும்போது நானும் தும்மினேன், சைக்கிளைத் தொட்டவர்களும் தும்மினார்கள்.

பார்த்த உடனேயே பிள்ளைகள் அதற்கு முதலை என்று பேர் வைத்துவிட்டார்கள். நீளமாக, தரையோடு தரையாக, வாலோடு இருந்தால் வேறு என்ன சொல்வார்கள்?

முதலையின் பெருமையே வாலில்தான் இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பைப் தாரில் உரசும். உரசினால் பொறி பறக்கும். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பார்த்தால் கம்பி மத்தாப்புதான். பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். "இன்னொருக்கா! இன்னொருக்கா!" இதற்கென்றே வேகத்தடை தேடிப் போனேன்.

எங்கள் ஊரில் பெரிய வேகத்தடை இருப்பது கம்பெனி கேட்டுக்கு முன்னால். அப்பா வேலை பார்த்த கம்பெனி.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மருந்து கலக்குகிற ஆள். மருந்து என்றால் வெடிக்குள் போகிற மருந்து. அதிகம் பேச மாட்டார். வீட்டில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். "இழுக்காத, தூக்கு." இரும்பு வாளியைத் தரையில் இழுக்கக் கூடாது. கட்டிலை இழுக்கக் கூடாது. எதையும் தூக்கித்தான் வைக்க வேண்டும். டப்பா மூடியைக்கூடச் சத்தம் வராமல் மூடுவார். கம்பெனிக்குள் இரும்புச் சாமான் கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அது கம்பெனிக்குள். நான் போனது ரோட்டில்.

வேலை விட்டு ஆட்கள் வெளியே வருகிற நேரமாகப் பார்த்துப் போனேன். எல்லோரும் பார்க்க வேண்டும். அப்பாவும் பார்க்க வேண்டும், முக்கியமாக அவர்தான். இறக்கத்தில் வேகமாக மிதித்து வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். அதுவரை அப்படிப் பொறி பறந்ததில்லை. சரம் மாதிரி பின்னால் நீண்டது.

"ஏ ஆத்தி!" என்று பொம்பளைகள் பின்னால் விலகினார்கள். வாட்ச்மேன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஏ புள்ள! எறங்கு புள்ள! யாரு வீட்டுப் பிள்ளை இது? வண்டியில லோடு நிக்கிது, கண்ணு தெரியல?"

கேட்டுக்கு ஓரமாக ஒரு வேன் நின்றது. அதில் பட்டாசுப் பெட்டிகள். அது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கைகளில் வெள்ளி மருந்து பூசினாற்போல இருந்தது. என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் கேட்டோரத் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பின்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். "ஹேண்டிலைப் பிடி" என்றார். நான் முன்னால் பிடித்தேன். அப்படியே வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தார். பாடை போகிற மாதிரி முதலை ஊருக்குள் போனது. ஊரே பார்த்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தேசம் பூராவுக்கும் பொறி செய்து அனுப்புகிற ஊர் இது. சின்னப்பிள்ளைகள் கையில் பிடிக்க மத்தாப்புச் செய்வதும் இங்கேதான். நான் விட்ட பொறி மட்டும் ஆகாதா? அதே ரோட்டில் லாரிகள் சங்கிலியைத் தொங்கவிட்டு உரசிக்கொண்டு போகின்றன. அந்த டிரைவரை எந்த வாட்ச்மேனாவது இறங்கு என்று சொன்னானா?

வீட்டுக்கு வந்ததும் அப்பா செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் சுவரை ஒட்டி நின்று கேட்டேன்.

"மாப்ள, இதுல பிள்ளை ஒட்டுனது எது?"

மறுமுனையில் மாமா ஏதோ நீளமாகச் சொன்னார். மாமா எதைத்தான் சுருக்கமாகச் சொன்னார்?

"அது மட்டுந்தானா?" என்றார் அப்பா. அப்புறம், "அம்புட்டு லேசாவா இருக்கு? சரி மாப்ள. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் விடியும்போது கர்ர் கர்ர் என்று சத்தம் கேட்டது. அம்மா தேங்காய் துருவுகிறாள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். எம்புட்டு நேரம்தான் துருவுவாள் என்றும் நினைத்தேன்.

எழுந்து வந்து பார்த்தால் முதலைக்கு வால் இல்லை. தரை நனைந்திருந்தது. இரும்பறுக்கிற ஆக்சா பிளேடால் அறுத்திருக்கிறார், பிளேடு சூடாகாமல் தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்திருக்கிறார். பின்சக்கர நட்டைக் கழற்றிப் பட்டையை எடுத்துவிட்டு நட்டைத் திரும்ப முறுக்கி வைத்திருந்தார். முழுசாகவாவது அறுத்தாரா என்றால் அதுவும் இல்லை. என் ஒட்டும் அதைப் பிடித்தபடி கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டும் ஃபிரேமில் நீட்டிக்கொண்டு இருந்தன.

எனக்கு எல்லாம் விளங்கியது என்று நினைத்தேன். அத்தனை ஒட்டில் எது என்னுடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே அறுத்திருக்கிறார். கேலிக்கு ஒரு துண்டை விட்டுவைத்திருக்கிறார்.

"ஏன் அறுத்தீக?" என்று கேட்டேன்.

"ரோட்டுல உரசுது."

"லாரிச் சங்கிலியுந்தான் உரசுது. போய் அதை அறுங்க."

"அப்பாகிட்டப் பேசுற பேச்சா இது?" என்று அம்மா கையை ஓங்கினாள். அப்பா அவளைத் தடுத்தார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் விடுவார்களா? "முதலை போயி பல்லி ஆயிருச்சு!" என்றார்கள். "பல்லிக்காச்சும் வாலு அறுந்தா மொளைக்கும். ஒனக்கு மொளைக்குமா?"

அந்தத் துண்டு போகவர என் கணுக்காலில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் அப்பா மேல் கோபம் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவரோடு பேசவில்லை. அவரும் கூப்பிட்டுப் பேசவில்லை.

பத்தாவதோடு நிறுத்திக்கொண்டேன். மாமா பட்டறைக்கே போனேன். ஆளைத் தாங்குகிற ஒட்டு ஒட்டிக் காட்ட வேண்டும் என்ற வெறியில்தான் தொழில் படித்தேன். இப்போது எனக்கே ஒரு பட்டறை இருக்கிறது. கிரில்தான் அதிகம். அவ்வப்போது காலேஜ் பையன்கள் வந்து நீள சைக்கிள் செய்து தாங்க அக்கா என்பார்கள். செய்து கொடுப்பேன். சைலன்சர் கேட்டால் மாட்டேன் என்பேன்.

அப்பா கம்பெனியை விட்டுவிட்டார். பகலில் என் பட்டறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். இப்போதும் பேச்சு இல்லை. நான் இரும்பை இழுத்தால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்.

போன மாதம் முதலையைப் பெயின்ட் அடிக்க எடுத்தேன். இந்தத் துண்டு எதற்கு, தேய்த்து எடுத்துவிடலாம் என்று கிரைண்டிங் மிஷினை எடுத்தேன். அதற்குமுன் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது பார்க்கலாமே என்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். ஓங்கிக்கூடத் தட்டவில்லை.

துண்டு கழன்று தரையில் விழுந்தது.

குனிந்து பார்த்தேன். கூழ்வத்தலேதான். இரும்புக்குள் இறங்கவே இல்லை, மேலாக உட்கார்ந்திருந்தது. மாமா சொன்னது பொய் இல்லை. துண்டின் மறுபக்கத்தில் பிளேடு இழுத்த கோடுகள் இருந்தன. கோணலாக, விட்டு விட்டு, பல இடத்தில் வழுக்கியிருந்தது. கை வலித்து மாற்றி மாற்றி அறுத்த அறுப்பு.

ஒரு தட்டில் விழுந்திருக்கும். அது அவருக்குத் தெரியும், மாமா சொல்லியிருக்கிறார். ஒட்டைத் தொடாமல் நல்ல பைப்பைப் போய் அத்தனை நேரம் அறுத்திருக்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தெரியாது. தெரியாமல் போனதற்கு அவர்தான் காரணம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. அதைக் கேட்டுவிடலாம் என்று திரும்பினேன்.

அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார். தரையில் கிடந்த துண்டை எடுத்தார். என் ஒட்டு இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதை எதுக்குத் தட்டுன?" என்றார்.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"சொல்லிட்டுத் தட்டக் கூடாதா?" என்றார் அப்பா.

துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீ வந்தது. குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.