இரண்டு நிமிடத்தில் சொல்லாதது

மைக் என் கைக்கு வந்தபோது அதன் பிடி வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு முன்னால் பதினாறு பேர் அதைப் பிடித்துப் பேசியிருந்தார்கள். மேற்குத் தாம்பரத்தில், ஜிஎஸ்டி சாலையைப் பார்த்த ஓர் ஓட்டலின் மாடி ஹால். பி.எஸ்சி. வேதியியல் முடித்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடியிருந்தோம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று எங்கள் வகுப்புப் பிரதிநிதி கறாராகச் சொல்லிவிட்டாள். பேரன் பேத்திகள், மூட்டு அறுவை சிகிச்சை, அமெரிக்காவில் கழித்த ஆறு மாதம் என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். நான் எழுந்தேன். "சயின்ஸ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. ஒரே பையன், வீட்டுலேர்ந்தே வேலை பாக்கறான்." கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

என் மகனுக்கு வேலை இல்லை. இன்ஜினியரிங் படித்து, கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தான். ஒரு மாலை வீடு திரும்பியவன், ஆபீஸில் எல்லோரும் தன் மனசுக்குள் ஓடுவதை ஒட்டுக் கேட்கிறார்கள் என்றான். மனச்சிதைவு என்றார் டாக்டர். அது நடந்து ஒன்பது வருடம். மாத்திரை போட்டுக்கொள்வான், சாப்பிடுவான், அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். ஒருமுறை அவன் கேஸைத் திறந்துவிட்டு மறந்துபோனதிலிருந்து, வெளியே கிளம்பினால் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் கிளம்புவேன். அப்படியும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் எங்கும் இருப்புக்கொள்ளாது. அன்றும் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அடுத்துப் பேசியவள் என் லேப் தோழி. மூன்று வருடமும் ஒரே மேஜையில் செய்முறை செய்தோம். அளவை அவள் படித்துச் சொல்வாள், நான் எழுதுவேன், ஒருநாளும் சரிபார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தொடர்பு விட்டுப்போய், எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் மறுபடி கிடைத்தாள். நான் பெருங்களத்தூரிலும் அவள் சேலையூரிலுமாக, நடுவில் ஒரு ரயில் பாதையை வைத்துக்கொண்டு இருபது வருடம் இருந்திருக்கிறோம். "என் ஹஸ்பெண்ட் ரிட்டயர்டு. ஜாலியா வீட்டுல இருக்கார்" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டாள். மே மாத வெயிலில் முழுக்கைச் சுடிதார் போட்டிருந்தாள்.

கேக் வெட்டுவதற்குள் அவளுக்குப் போன் வந்தது. முகம் மாறி எழுந்தாள். அதே சாக்கில் நானும் எழுந்தேன். படிக்கட்டில் இறங்கும்போது, "என்னடி அவசரம்?" என்றேன்.

"அவர் ஷூ போட்டுட்டாராம். பொண்ணு ஒருத்தியால பிடிச்சு வைக்க முடியாதுடி."

அவள் கணவர் மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்தவர். இப்போது ஞாபகம் கலைந்துவிட்டது. மத்தியானம் ஒரு மணி ஆனால் செகண்ட் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும் என்று கிளம்பிவிடுகிறார். தடுத்தால் அடிக்கிறார். சொல்லிக்கொண்டே சுடிதார்க் கையை மேலே இழுத்துக் காட்டினாள். முழங்கைவரை கன்றிப்போயிருந்தது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு சுடுசொல் சொன்னதில்ல. இதைப் போய் மைக்ல எப்படிச் சொல்றது?"

அங்கேயே நின்று என் மகனைப் பற்றிச் சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சனிக்கிழமை பொண்ணுக்கு லீவு. காலைலேர்ந்து நான் உன் வீட்டுல இருக்கேன், அவர் கிளம்பற நேரத்துக்குள்ள திரும்பிடறேன். நீ எங்கயாவது போயிட்டு வா" என்றாள். புதன்கிழமை மத்தியானம் நான் சேலையூருக்கு வருவதாகச் சொன்னேன். ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

முதல் புதன்கிழமை, ஷூ போட்டுக் கிளம்பிய அவள் கணவரிடம் "இன்னிக்கு லீவு சார்" என்று சொல்லிப் பார்த்தேன். கையை ஓங்கிவிட்டார். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "பஸ் லேட்டு சார். உக்காருங்க, வந்துடும்." உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். "நீங்க எந்த செக்ஷன்?" என்று ஒருமுறை கேட்டார். "லேப்" என்றேன். மரியாதையாகத் தலையசைத்தார். அவள் சர்ச்சுக்குப் போய் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாளாம்.

சனிக்கிழமை எனக்குப் போக இடம் தெரியவில்லை. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்ற கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வண்டலூர் தாண்டியது நினைவில்லை. "அம்மா, எயுந்திரும்மா, லாஸ்ட் ஸ்டாப்பு" என்று கண்டக்டர் எழுப்பினார். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். திரும்பும்போதும் தூங்கினேன். அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். எவ்வளவு களைத்திருந்தேன் என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கே தெரிந்தது.

ஐந்து மாதம் ஆகிறது. யாருக்கும் எதுவும் குணமாகவில்லை. அவள் கணவர் இப்போது அவளையே யாரென்று கேட்கிறார். என் மகன் அவளோடு பேசுவதில்லை. அவள் ஹாலில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவாள், அவன் கதவு சாத்தியே இருக்கும். குழுவில் கொடைக்கானல் பயணத்துக்குப் பெயர் கேட்டார்கள். இரண்டு பேரும் கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தோம்.

போன சனிக்கிழமை வண்டலூரில் நெரிசல். நான் வந்து சேர்வதற்குள் ஒரு மணி தாண்டிவிட்டது. அவளுக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தோடு கதவைத் திறந்தேன். அவள் நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அறைக்கு வெளியே வராத என் மகன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான். மின்விசிறி அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவள் போன் அவன் கையில் இருந்தது.

"ஆன்ட்டி பொண்ணு பேசினாங்க. பஸ் லேட்டுன்னு அவங்களே சொன்னதும் அங்கிள் உக்காந்துட்டாராம்" என்றான், மெதுவாக. பிறகு உதட்டில் விரலை வைத்தான்.

"எழுப்பாதம்மா. பாவம், தூங்கட்டும்."